ஆற்றுக்கு முதுகு காட்டலாமா கண்டி?

சென்ற பள்ளி விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கையின் குடும்பம் வந்திருந்தது. அவளுடைய பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு கண்டி வாவியில் படகேறினேன். படகு நடுவிலுள்ள தீவைச் சுற்றிவந்தது. படகை ஓட்டிய இளைஞர் தலதா மாளிகையையும், கரையோரத்து அரசியர் குளிப்பு மண்டபத்தையும், பஹிரவகந்தை மலையின் வெள்ளைப் புத்தரையும் விரலால் காட்டினார். அரை மணி ஆவதற்குள் துறைக்குத் திரும்பிவிட்டோம். இறங்கும்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: “மாமா, உந்தத் தீவை ஆர் கட்டினது? ஏன் நாங்கள் அங்க இறங்கேல்லை?”

அவளுக்குப் பதில் சொல்ல நான் வாவியைச் சுற்றியுள்ள பாதையில் ஒரு முழுச் சுற்று நடக்கவேண்டியிருந்தது. அந்தப் பதிலை ஏன் படகு சொல்லவில்லை என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

உலகெங்கும் ஆறும் தீவும் உள்ள சுற்றுலா ஊர்கள் படகை நம்பி வாழ்கின்றன. ஒரு நாள் பயணம், ஓர் ஆற்றுலா, ஒரு தீவு, மாலையில் திரும்பல் என்பது அங்கெல்லாம் பழகிய ஏற்பாடு. கண்டிக்கு வாவி உண்டு, வாவிக்குள் தீவு உண்டு. நாட்டின் மிக நீளமான ஆறு நகரை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. கிழக்கே அரை மணிப் பயணத்தில் மலைகளுக்கிடையில் விக்டோரியா நீர்த்தேக்கம் விரிகிறது. இவ்வளவு நீருக்கு நடுவே இருந்துகொண்டு, வருகிறவருக்கு நாம் காட்டுவது ஒரு குறுஞ்சுற்று. மற்ற நீரையெல்லாம் அவர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கோ சிகிரியாவுக்கோ போய்விடுகிறார்.

தீவு சொல்லும் கதை

வாவி இருக்கும் இடத்தில் முன்பு ‘திகோல் வெல’ என்ற வயல் இருந்தது. 1807ஆம் ஆண்டு கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதை நீர்நிலையாக்கினான். மாளிகையின் எண்கோண மண்டபத்தை அமைத்த தேவேந்திர மூலாச்சாரியே இதற்கும் சிற்பி. வாவிக்கு மன்னன் வைத்த பெயர் ‘கிரி முஹுத’, நம் மொழியில் பாற்கடல். கரையோரம் மேகக்கூட்டம் போல வளைந்து வளைந்து போகும் வெண்சுவரில் முக்கோண மாடங்கள் இருக்கின்றன. விழா இரவுகளில் அவற்றில் விளக்கேற்றுவார்களாம். அந்தச் சுவர் வாவியை முழுதாகச் சுற்றி முடியவில்லை. முடிப்பதற்குள் அரசு முடிந்துவிட்டது.

இந்த அழகுக்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். இராசகாரியம் என்ற பெயரில் ஊர் ஊராக ஆட்கள் கூலியின்றி மண் சுமந்தார்கள். மறுத்த சிறுதலைவர்கள் வாவிக்கான பள்ளத்திலேயே கழுவேற்றப்பட்டார்கள் என்று பழங்கதை சொல்கிறது. நடுத்தீவின் மண்டபம் அரச குடும்பத்தின் கோடை இல்லமாக இருந்தது. ஆங்கிலேயர் வந்ததும் அது வெடிமருந்துக் கிடங்காயிற்று. பாற்கடலின் நடுவே வெடிமருந்து இருந்தது என்ற ஒரு வரியே போதும், கண்டி எப்படிக் கைமாறியது என்பதை ஒரு பிள்ளைக்கு விளங்கவைக்க.

அந்த மன்னனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. மதுரையோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த நாயக்கர் வழியில் வந்தவன். 1815 பெப்ரவரியில் மெதமஹநுவரைப் பக்கம் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மறு ஆண்டு குடும்பத்தோடு வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் அவன் அடங்கிய இடத்தில் இன்று முத்துமண்டபம் நிற்கிறது. பாற்கடலை வெட்டியவன் பாலாற்றங்கரையில் கிடக்கிறான்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிக்கு இதைவிட நெருக்கமான கதை கண்டியில் வேறு என்ன இருக்கிறது? தென்மாவட்டங்களிலிருந்து தோட்டவேலைக்குக் கிளம்பியவர்கள் இந்த மலைநாடு முழுவதையுமே ‘கண்டிச்சீமை’ என்றுதான் அழைத்தார்கள். மன்னாரில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்தே வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பயணிகளாக வாவிக் கரையில் நிற்கும்போது, படகில் தமிழில் சொல்ல ஆள் இருக்கவேண்டாமா?

ஹோய் ஆன் கற்றுத்தரும் இரண்டு பாடங்கள்

வியட்நாமின் நடுக்கரையில் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. து போன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், சிறிய ஊர். கண்டி 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஹோய் ஆன் 1999இல் சேர்ந்தது. அதே ஆண்டு, அதே ஆற்றின் மேற்பகுதிப் பள்ளத்தாக்கிலுள்ள மி சோனும் சேர்ந்தது. சம்பா மன்னர்கள் சிவனுக்குச் செங்கல்லில் எழுப்பிய கோயில் தொகுதி அது.

அங்கே படகேறுகிறவர் ஆற்றை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. தான் ஹா என்ற குயவர் கிராமத்தில் இறங்கலாம். கிம் போங்கில் தச்சர்களின் கைவேலையைக் காணலாம். கம் தான் கிராமத்து நீர்த்தென்னைக் காட்டுக்குள், மீனவர்கள் மூங்கிலில் பின்னிய வட்டப் பரிசலில் போகலாம். கடலுக்குள் சாம் தீவுகளுக்கு ஒரு நாள் பயணம் போய்வரலாம். அந்தத் தீவுகள் 2009இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. அங்குள்ள மக்கள் பிளாஸ்டிக் பையைக் கைவிட முன்வந்ததும் அந்த ஆண்டில்தான். ஆறு அங்கே ஒரு தெரு. தெருவில் நடந்தால் வீடுகளின் முகம் தெரிவதுபோல, ஆற்றில் போனால் ஊரின் தொழில் தெரிகிறது. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. 2022 பெப்ரவரி 26ஆம் திகதி, சாம் தீவிலிருந்து பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த விசைப்படகு ஹோய் ஆன் கரைக்கருகே கவிழ்ந்து 17 பேர் இறந்தார்கள். ஊரின் பெயர்பெற்ற குவா தாய் கடற்கரையின் பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. ஆற்றின் மேலே அணைகள் மணலைத் தடுத்ததும், ஆற்றுமணல் அள்ளப்பட்டதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நீரை விற்றுப் பிழைக்கும் ஊர் நீரின் குணத்தை மறந்தால் நீர் நினைவூட்டிவிடும்.

மூன்று பக்கமும் மகாவலி

நம் ஆற்றிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். தேயிலைத் தோட்டங்களின் ஓடைகளை வாங்கிக்கொண்டு கம்பளையைக் கடந்து பேராதனைக்கு வருகிறது. அங்கே ஒரு பெரிய கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவின் மடியில்தான் 1821இல் தாவரவியல் பூங்கா அமைந்தது. எதிர்க்கரை கன்னொறுவ. 1638இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த களம் அது. கண்டி மூன்று நூற்றாண்டுகள் ஐரோப்பியருக்கு அடங்காமல் நின்றதற்கு மலையும் காடும் காரணமென்றால், இந்த ஆறும் ஒரு காரணம். அது இயற்கை தந்த அகழி.

பேராதனைப் பாலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1833இல் அங்கே முதிரை மரத்தால், ஆற்றின் நடுவே தூண் இல்லாமல், ஒரே வளைவாகப் பாலம் கட்டினார்கள். 205 அடி நீளத்துக்கு ஆணியோ திருகோ இல்லாமல், மரத்தோடு மரம் பொருத்திய வேலை. கோப்பி வண்டிகளின் பாரத்தைச் சுமந்து எழுபது ஆண்டுக்கு மேல் நின்றது. 1905இல்தான் இரும்புப் பாலம் அதன் இடத்துக்கு வந்தது. தினமும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கடக்கும் அந்த இடத்தை ஆற்றிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டினால் பொல்கொல்ல. 1976இல் இயங்கத் தொடங்கிய தடுப்பணை, மகாவலியின் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பி, அங்கிருந்து வறண்ட வடமத்திக்கு அனுப்புகிறது. இன்னும் கீழே போனால் விக்டோரியா. 122 மீற்றர் உயர வளைவணை, 210 மெகாவாட் மின்சாரம். 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரின் முன்னிலையில் திறந்தார்கள். அணை வேலை நடந்தபோது அருகிலிருந்த பள்ளத்தாக்கில் கட்டிய கயிற்றுப்பாலத்தில்தான் ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்தின் புகழ்பெற்ற காட்சியை எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்த நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது என்பதுதான் நெஞ்சைத் தொடும் செய்தி. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். அங்கே பிறந்தவர்கள் போய் நின்று தங்கள் தெருவைத் தேடுவார்கள். நாட்டுக்கு வெளிச்சம் வர வீட்டைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நீர்ப்பரப்பில் படகு விட்டால், முதல் வழிகாட்டியாக நிற்கும் உரிமை அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் உண்டு.

கெட்டம்பே என்னும் சோதனை

இவ்வளவும் இருக்க, ஏன் நாம் ஆற்றில் இறங்குவதில்லை? விடை கெட்டம்பேயில் இருக்கிறது.

கண்டியின் மிகப் பழைய படகுப் பயணம் எதுவென்று கேட்டால், அது பயணிகளுக்கானது அன்று. எசல பெரஹராவின் கடைசி இரவு முடிந்து பொழுது விடியும் முன், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பூசகர்களான கப்புறாளைமார் கெட்டம்பேத் துறைக்குப் போகிறார்கள். படகில் ஆற்றின் நடுவுக்குச் சென்று, பொன்வாளால் நீரை வட்டமாகக் கீறுகிறார்கள். சென்ற ஆண்டு எடுத்து வைத்த நீரை ஆற்றில் விட்டுவிட்டு, கீறிய வட்டத்துக்குள்ளிருந்து புதுநீரை மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். அந்தக் குடம் அடுத்த பெரஹரா வரை தேவாலயத்தில் இருக்கும். திரும்பும் வழியில் ஊர்வலங்கள் தங்கிச் செல்வது கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில். பத்தினி என்று அவர்கள் வணங்குவது நம் கண்ணகியை. இந்த நீர்வெட்டு ஊரின் இரு மொழிக்காரருக்கும் பொதுவான சடங்கு.

அதே கெட்டம்பேயில்தான் மெத எல என்ற கால்வாய் மகாவலியில் கலக்கிறது. வாவியிலிருந்து வழியும் நீர்தான் அதன் தொடக்கம். நகரின் நடுவே ஓடும்போது கடைகளின் கழுவுநீர், வீடுகளின் கழிவு, பிளாஸ்டிக் போத்தல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, கறுத்த நீராக ஆற்றை அடைகிறது. கட்டிடங்கள் அதற்கு முதுகைக் காட்டியே நிற்கின்றன. கண்டி குடிப்பதும் இந்த ஆற்றுநீரைத்தான். கெட்டம்பேயில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. புனித நீர், கழிவுநீர், குடிநீர் மூன்றும் ஒரே துறையில் சந்திக்கின்றன.

வாவியின் நிலையும் நம்மைச் சும்மா இருக்கவிடக் கூடாது. நீர் பாசி பிடித்துப் பச்சையாகிப்போன காலங்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. மீன்கள் செத்து மிதந்த காலைகளையும் பார்த்திருக்கிறது. சுற்றியுள்ள சரிவுகளில் ஹோட்டல்களும் வீடுகளும் பெருகப் பெருக, மழையோடு மண்ணும் கழிவும் இறங்குகின்றன. பாற்கடல் என்று பெயரிட்ட நீர்நிலைக்கு இது தகுமா?

மாற்றம் தொடங்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஜப்பானின் கடனுதவியோடு நகரக் கழிவுநீர்த் திட்டம் வந்தது. கன்னொறுவவில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஆனால் குழாய் வீதியோடு போவது வேறு, ஒவ்வொரு வீடும் கடையும் அதில் இணைவது வேறு. கடைசி இணைப்பு முடியும்வரை மெத எலவின் நிறம் மாறாது. அந்த நிறம் மாறாமல் ஆற்றுலா என்று விளம்பரம் போட்டால், முதலில் வரும் பயணியின் மூக்கே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கவிழ்ந்த படகுகளை மறக்கக் கூடாது

அழுக்குக்கு அடுத்தது ஆபத்து. கண்டியைச் சுற்றிய இதே மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அதற்கருகே, 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் மக்களை ஏற்றிச்சென்ற மிதவை கவிழ்ந்தது. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30ஆம் திகதி கேரளத்தின் தேக்கடியில் காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் ஒதுங்க, படகு சாய்ந்து 45 பேர் மாண்டார்கள். 2023 மே 7ஆம் திகதி அதே கேரளத்தின் தானூரில் இருட்டியபின் அளவுக்கு மீறி ஆளேற்றிய உல்லாசப் படகு 22 உயிர்களைக் கொண்டுபோனது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் குறைசொன்னோம். ஆளை எண்ணாமல் ஏற்றியதும், அங்கி இல்லாமல் இருத்தியதும், நேரம் கடந்து விட்டதும் மனிதர்கள்.

மகாவலி இன்னும் கவனம் கேட்கும் ஆறு. மேலே கொத்மலை, கீழே பொல்கொல்ல, அதற்கும் கீழே விக்டோரியா. மேலே வான்கதவு திறந்தால் கீழே நீர் சடுதியாக உயரும். மேற்பார்வைக்கு அசையாமல் கிடக்கும் மடுவில் சுழி இருக்கும். குளிக்கப் போய் உயிர்விட்டவர்களைக் கரையோர ஊர் ஒவ்வொன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. கரைமீறிய மகாவலியை அன்று பார்த்தவர்கள், ஆற்றோரம் அவசரப்பட்டு ஒரு துறையையும் கட்டத் துணியமாட்டார்கள்.

ஆகவே, படகு எல்லா இடத்திலும் வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றில் வேண்டாம். வாவியில் தலதா மாளிகைக்கு முன்னால் இரைச்சலான விசைப்படகு வேண்டவே வேண்டாம். துடுப்புப் படகும் சத்தமில்லா மின்படகும் போதும். பூசை நேரத்தில் மேளம் காதில் விழவேண்டும், இயந்திரம் விழக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதலாவது வேலை தீவிலிருந்து தொடங்கட்டும். தொல்பொருள் அறிஞர்களின் மேற்பார்வையில் மண்டபத்தைச் சீர்செய்து, ஒரு நேரத்தில் சிறு குழுவாக மட்டும், பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோகாமல் பிள்ளைகள் இறங்கிப் பார்க்க வழிசெய்யலாம். வயல், வாவி, இராசகாரியம், வெடிமருந்து, வேலூர் என்ற முழுக்கதையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்கே எழுதிவைக்கவேண்டும். இறங்க முடியாதென்றால், படகிலாவது அந்தக் கதை மும்மொழியில் கேட்கட்டும்.

இரண்டாவது, பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையில் நீர் ஏறி இறங்கும் கணக்கை மகாவலி அதிகாரசபையிடம் கேட்டு, பாதுகாப்பான பகுதியையும் மாதங்களையும் குறிக்கலாம். வான்கதவு திறக்கும் செய்தி படகுத்துறைக்கு உடனே வந்துசேர ஒரு ஏற்பாடு இல்லாமல் ஒரு படகும் நகரக்கூடாது. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆட்கணக்கு, சூரியன் சாய்வதற்குள் கரை. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அனுமதி இரத்து என்பது சட்டமாகவேண்டும்.

மூன்றாவது, காசு யாருக்குப் போகிறது என்பது. ஆற்றங்கரை ஹோட்டல்கள் தம் விருந்தினருக்குப் படகு விட்டுக்கொள்ள வசதியுள்ளவை. கரையில் பிறந்து, நீரோட்டத்தைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த இளைஞர்களுக்குப் படகு வாங்கக் கூட்டுறவுக் கடன் வேண்டும். தோட்டங்களிலிருந்து வந்து கண்டிக் கடைகளில் நாட்கூலிக்கு நிற்கும் பிள்ளைகளில் பலர் மூன்று மொழியும் பேசுவார்கள். வழிகாட்டிப் பயிற்சி அவர்களைத் தேடிப் போகட்டும். மகியாவையின் நெருக்கமான குடியிருப்புகளையும் இங்கே நினைக்கவேண்டும். தலைமுறைகளாக இந்த நகரின் தெருவையும் கானையும் சுத்தம்செய்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வாவியால் நகரம் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. படகுக் கட்டணத்தில் ஒரு பங்கை நீர்நிலைகளின் பராமரிப்புக்கும், அதைச் செய்கிறவர்களின் வீட்டுக்கும் கையுறைக்கும் ஒதுக்குவது தருமம் அன்று, கடன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மெத எல. வாவியை ஒரு சபை பார்க்க, ஆற்றை ஓர் அதிகாரசபை பார்க்க, குழாயை இன்னொரு சபை பார்க்க, கால்வாய் மட்டும் ஒருவருக்கும் பிள்ளையாகாமல் கிடக்கிறது. உடவத்தக்கலைக் காட்டின் சரிவிலிருந்து வாவிக்கு, வாவியிலிருந்து கெட்டம்பேக்கு என்று அந்த நீரின் முழுப் பாதையையும் ஒரே பொறுப்பில் கொடுக்கவேண்டும். எந்த மாதம் எவ்வளவு தூரம் சுத்தமாயிற்று என்பதை மாநகர சபை வாசலில் எல்லோரும் பார்க்க எழுதிப்போடவேண்டும்.

படகுச் சுற்றுலாவை நான் விரும்புவதற்கு வருமானம் மட்டும் காரணமில்லை. தெருவிலிருந்து பார்த்தால் கால்வாய் கண்ணுக்குத் தெரியாது. படகிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு குழாயின் வாயும் தெரியும். வருகிறவர் பார்க்கப்போகிறார் என்றால்தான் நாம் முற்றம் பெருக்குகிறோம். ஆற்றில் ஆள் நடமாட்டம் வந்தால், அதில் கழிவைத் திறந்துவிடுகிறவருக்குக் கை கூசும்.

தங்கை மகள் மறுபடி வருவாள். ஒரு எசலக் காலத்தில், விடியும் முன் அவளைக் கெட்டம்பேக்கு அழைத்துப்போகவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். படகு நடு ஆற்றுக்குப் போவதையும், வாள் நீரைக் கீறுவதையும் கரையிலிருந்து காட்டுவேன். அவள் கேள்வி கேட்காமல் இருக்கமாட்டாள். “மாமா, ஒரு வருசம் குடத்தில வைச்சிருக்கிற தண்ணியை ஏன் பக்கத்தில இருக்கிற கானிலயிருந்து காப்பாற்றேல்லை?” என்று அவள் கேட்பதற்குள், அந்தக் கானின் நிறத்தை இந்த நகரம் மாற்றியிருக்கவேண்டும்.